ஐந்தே முக்கால் மாதனூர் வண்டி

வேலூர், சத்துவாச்சாரி
20-1-2025

அன்புள்ள மேகலா அவர்களுக்கு,

வணக்கம். ஏலகிரியில் நடந்த இரண்டு நாள் பயிலரங்கு முடிந்து நீங்கள் நலமாக ஆம்பூர் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இன்னும் மூக்கடைப்பு விடவில்லை. பெரிய இலக்குகளை உயரமான இடத்தில்தான் தீர்மானிக்க வேண்டும் என்ற என் கொள்கைக்கு நான் கொடுக்கும் விலை அது.

பயிற்சியின் நிபந்தனை நினைவிருக்கும். உங்கள் ஷூ கம்பெனியின் லைன் பொறுப்பாளர்கள் நால்வரும் எனக்குக் கையால் கடிதம் எழுத வேண்டும். கைபேசியில் தட்டும்போது மனிதன் பதில் சொல்கிறானே தவிர யோசிப்பதில்லை. இதை விளக்கி நால்வருக்கும் செய்தி அனுப்பினேன். மூவர் கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் "சரி சார், எழுதுகிறேன்" என்றீர்கள். ஆகவே திட்டத்தில் எஞ்சியிருப்பது நீங்களும் நானும்.

உங்கள் எம்.டி. திரு. ஜியாவுல்லா இளைஞர், நல்லவர். தந்தையாரிடமிருந்து கம்பெனியைக் கையில் வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. அவர் என்னிடம் கேட்டது மிகவும் தெளிவானது. இலக்கு தொழிலாளர்களின் உள்ளத்திலிருந்து தானாகவே எழ வேண்டும். எழும்போது அது நாளொன்றுக்கு ஆயிரத்து நானூறு ஜோடி என்று எழ வேண்டும். இப்போது ஆயிரத்து நூறு ஆகிறது என்றும் சொன்னார்.

நான் முப்பது வருடம் வங்கிப் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவன். ஷூ பற்றி அறிந்தது அணிந்துகொள்வது மட்டும். கிளோசிங் செக்‌ஷன் என்றதும் மூடப்போகும் பிரிவு என்று எண்ணி, முதல் நாள் உங்கள் எல்லோரிடமும் சற்று அனுதாபமாகப் பேசிவிட்டேன். ஷூவின் மேல்பாகத் துண்டுகளைத் தைத்து இணைக்கும் இடம் என்று பிறகுதான் விளங்கியது. மன்னிக்கவும்.

"உங்கள் பெரிய கனவு என்ன?" என்று கேட்டு எல்லோரிடமும் அட்டை வாங்கினேன் அல்லவா? பெரும்பாலான அட்டைகளில் பஸ் என்று இருந்தது. "பஸ் சீக்கிரம்." "பஸ் நேரத்துக்கு." ஓர் அட்டையில் "பஸ்" என்று மட்டும். பயணம், ஒற்றுமை, சேர்ந்து நகர்தல். இத்தனை பேர் ஒரே உருவகத்தைத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. அறிக்கையிலும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
கோதண்டராமன்


ஆம்பூர்
27-1-2025

மதிப்பிற்குரிய கோதண்டராமன் சாருக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ஐந்தாம் வகுப்பில், விடுப்பு வேண்டி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பஸ் உருவகம் இல்லை சார். பஸ்தான். வெள்ளை நிறம். பின் கண்ணாடியில் விரிசல். ஓட்டுபவர் பெயர் சாமிநாதன்.

எங்கள் செக்‌ஷனில் முக்கால்வாசிப் பெண்கள் மாதனூர் பக்கத்து ஊர்க்காரர்கள். நானும் அங்கேதான். காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடியும். ஆனால் வண்டி ஐந்தரைக்குக் கிளம்பாது. நான்கு லைனிலும், அதாவது நான்கு மெஷின் வரிசையிலும், அன்றைய கணக்கு முடிந்து கடைசி ஆள் ஏறிய பிறகுதான் எடுக்க வேண்டும், ஒரே டிரிப்தான் என்பது ஜியாவுல்லா சாரின் அப்பா, பெரிய சாகிப் அப்துல் வஹீத் காலத்து உத்தரவு. டீசல் சிக்கனத்துக்காகப் போட்டது. உத்தரவு போட்டபோது ஒரே லைன்தான் இருந்தது என்கிறார்கள். லைன் நான்காகிவிட்டது. உத்தரவு அப்படியே இருக்கிறது.

முதல் மூன்று லைனில் சாதாரண ஷூ. நான்காவது என் லைன். அதில் பூட்ஸ் ஓடுகிறது. பூட்ஸுக்குத் துண்டு ஜாஸ்தி, தையல் ஜாஸ்தி. மற்ற மூன்று லைனும் முடித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஏழு மணி ஆகும். நாங்கள் ஏறும்போது எங்கள் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். முதல் லைன் சவுரியம்மாள் அக்கா என்னைப் பார்த்துத் தினமும் ஏதாவது சொல்லும். போன வாரம் சொன்னது: "வாம்மா மேகலா, கல்யாணப் பொண்ணு மாதிரி கடைசியா வர்றே. ஆரத்தி கரைக்கட்டுமா?"

அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் தெருக்களில் ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். ஏழுக்குள் நின்றுவிடும். வண்டி ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் எல்லோருக்கும் தண்ணீர். ஏழுக்குக் கிளம்பினால் பக்கத்து வீட்டாரின் தயவு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செக்‌ஷன் மேனேஜர் நாற்காலி ஆறு மாதமாகக் காலி. இதுவரை அதில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. நான் தபால் வழியில் எம்.பி.ஏ. முடித்திருக்கிறேன். ஜியாவுல்லா சார் நேராகவே சொன்னார், "ஆயிரத்து நானூறு போர்டுல ஏறட்டும் மேகலா, சேர் உங்களுக்கு." எனக்கு அந்த நாற்காலி வேண்டும் சார். ஆசையில்லை என்று நடிக்க எனக்கு வராது. தண்ணீரும் வேண்டும். இரண்டும் ஒரே சாயங்காலத்தில் எப்படிக் கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
இ. மேகலா


வேலூர்
5-2-2025

அன்புள்ள மேகலா,

உருவகத்தை வாபஸ் பெற்றுக்கொண்டேன். அறிக்கையின் அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்தபோது சிறிது வருத்தமாக இருந்தது. நன்றாக எழுதியிருந்தேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் ஊர் ஊராகச் சென்று "ஒவ்வொருவரும் மற்றவரின் வெற்றிக்குக் காத்திருக்கும் அமைப்பை உருவாக்குங்கள்" என்று போதிக்கிறேன். உங்கள் கம்பெனியில் அது டயர் போட்டு ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது. காத்திருப்பவர்கள் திட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பது ஒன்றுதான் குறை. நான்கு லைனுக்கும் நான்கு தனித்தனிக் கணக்கு. வீட்டுக்குப் போக மட்டும் ஒரே வண்டி. அப்படியானால் அந்த வண்டியையே இலக்காக வைத்தால் என்ன?

நேற்று ஜியாவுல்லா அவர்களைச் சந்தித்தேன். பஸ் என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. அவருக்கு டீசல் நினைவு வந்துவிடும். "ஒருங்கிணைந்த நாள்முடிவு ஒத்திசைவு" என்றேன். அவர் கண் மலர்ந்தது. போர்டில் எழுத வேண்டிய வாசகத்தையும் அங்கேயே காட்டினேன்:

நான்கு லைன். ஒரே முடிவு. ஐந்தே முக்கால்.

பொறுப்பாளர்கள் நால்வரும் கையெழுத்திட, கடைசியில் எம்.டி.யும் இட வேண்டும் என்பது எங்கள் முறை. இடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆயிரத்து நானூறு எங்கே என்றும் கேட்டார். இது முதல் படி என்றேன். அது பொய்யில்லை. எங்கள் முறையில் எல்லாமே முதல் படிதான்.

போர்டு மாட்டியாகிவிட்டால் மீதி உங்கள் நால்வர் கையில். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதுவும் எங்கள் முறை. எனக்குத் தெரியாது என்பது கூடுதல் காரணம்.

அன்புடன்,
கோதண்டராமன்


மாதனூர்
2-3-2025

மதிப்பிற்குரிய சாருக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலிருந்து எழுதுகிறேன். நான்கு வாரம் எழுதாததற்குக் காரணம், நடந்ததைப் பெரிய இலக்கு என்று சொல்வதா, பெரிய சண்டை என்று சொல்வதா என்று முடிவு செய்ய முடியவில்லை.

போர்டு மாட்டினோம். கேக் வெட்டினோம். மறுநாள் ஐந்து மணிக்கே முதல் லைன் அன்றைய கணக்கை முடித்துவிட்டு வழக்கம்போல் பையை எடுத்தது. நான் போய் நின்றேன். "அக்கா, எங்க லைன்ல ஆறு மெஷின் காலியா இருக்கு. வந்து கை குடுத்தீங்கன்னா எல்லாரும் ஒண்ணா போய்டலாம்" என்றேன். சவுரியம்மாள் அக்கா பையைத் தோளில் மாட்டியபடியே கேட்டது, "நான் தச்சா எங்க லைன் கணக்குல ஏறுமா, உங்க லைன் கணக்குல ஏறுமா?"

"எங்க லைன்ல."

"அப்போ உங்க லைனே தைக்கட்டும்."

அது கேட்டது நியாயம். கணக்கு தனித்தனியாக இருக்கும்வரை யாரும் வர மாட்டார்கள். பொறுப்பாளர்கள் நால்வரும் கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்கு. மூன்றாவது லைன் வசந்த் டம்ளரைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து அவனே வந்து ஒரு யோசனை சொன்னான். பூட்ஸை ஒரே லைனில் போடாமல் நான்கு லைனுக்கும் பிரித்துப் போடலாம், கணக்கை செக்‌ஷன் முழுவதற்கும் ஒன்றாக வைக்கலாம்.

யோசனை நல்லதுதான். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பூட்ஸ் எங்கள் லைனின் பெருமை. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர் வந்தால் நேராக எங்களிடம்தான் வருவார்கள். மேனேஜர் நாற்காலிக்கு என்னிடம் இருந்த தகுதியும் அதுதான். அதை நான்காகப் பிரித்துக் கொடுத்தால் நான் நான்கு பேரில் ஒருத்தி. கடைசியில் பிரித்துக் கொடுத்தேன். ஜியாவுல்லா சார் கணக்கை ஒன்றாக்கச் சம்மதித்தார். பூட்ஸ் தெரியாத பெண்களுக்கு என் லைன் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார்கள். முதல் வாரம் நிறைய வீணாயிற்று. வசந்த் மறுபடி டம்ளரைத் தட்டினான்.

போன வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் வண்டியில் இருந்தோம். சாமிநாதன் அண்ணன் நம்பவில்லை. இறங்கி உள்ளே போய் யாராவது மீதி இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்துதான் எடுத்தார். நான் தெருமுனையில் இறங்கியபோது குழாயடியில் என் வீட்டுக்காரர் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார், "இன்னா ஆச்சு? வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?"

வெள்ளி, சனியும் அப்படியே போனோம். ஜோடி எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆயிரத்து நானூறு இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். தோள் வலித்தது. நகரவில்லை.

இப்படிக்கு,
இ. மேகலா


வேலூர்
14-3-2025

அன்புள்ள மேகலா,

உங்கள் கடிதத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் முறை வேலை செய்து நான் நேரில் அறிந்தது மிகக் குறைவு. பொதுவாக நான் கிளம்பிய பிறகுதான் அது வேலை செய்யும் என்று சொல்லிவிட்டு வருவேன்.

நிறைவு அறிக்கையை அனுப்பிவிட்டேன். உங்களைப் பற்றி இரண்டு பத்தி. அடுத்த கட்டத்துக்கும் வித்திட்டிருக்கிறேன். எங்கள் முறையில் ஓர் இலக்கை எட்டிய குழு அங்கேயே நின்றுவிடக்கூடாது. எட்டியவுடன் இலக்கைச் சற்று நீட்ட வேண்டும். ஆகவே இப்படி எழுதினேன்: "ஐந்தே முக்காலுக்குள் முடிக்க முடிகிறது என்பதே, இவர்களிடம் இன்னும் பயன்படுத்தப்படாத ஆற்றல் இருக்கிறது என்பதற்குச் சான்று."

ஜியாவுல்லா அவர்கள் தொலைபேசியில் அழைத்து மனமாரப் பாராட்டினார். அந்த வரியை அடிக்கோடிட்டாராம். ஏப்ரல் முதல் ஆயிரத்து நானூறை நோக்கிச் செல்லலாம் என்றார். உங்கள் நாற்காலி நெருங்கிவிட்டது என்றே தோன்றுகிறது. முன்கூட்டிய வாழ்த்துகள்.

அன்புடன்,
கோதண்டராமன்


மாதனூர்
18-3-2025

சாருக்கு,

உங்கள் வரியை இன்று காலை ஜியாவுல்லா சார் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து மைக்கில் வாசித்தார். அடிக்கோடிட்ட வரியைக் கொஞ்சம் அழுத்தி வாசித்தார். ஏப்ரல் ஒன்று முதல் ஆயிரத்து நானூறு முடிந்த பிறகுதான் வண்டி. போர்டு அப்படியே இருக்கும், ஊக்கத்துக்காக.

அவர் போன பிறகு சவுரியம்மாள் அக்கா என்னிடம் வந்தது. கோபமாகக்கூட இல்லை. "ஏம்மா, சீக்கிரம் முடிச்சதுக்கா இது? முன்னாடி மாதிரி மெதுவா தச்சிருந்தா இந்தப் பேஜாரே இல்லியே" என்றது. "உனக்கு சேர் கெடைக்கும்னு பேசிக்கிறாங்க. கெடைக்கட்டும். ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நான் முன்பே தெரிந்து செய்ததாக அது நினைக்கிறது. எல்லோரும் நினைக்கிறார்கள். இன்று சாயங்காலம் வண்டியில் என் பக்கத்து சீட்டு காலி.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்று தெரியும். அதனால்தான் திட்டக்கூட முடியவில்லை. அந்தப் பெண்கள் முதல்முறையாக ஒன்றைத் தாங்களே கேட்டு, தாங்களே செய்து எடுத்தார்கள். அதைச் சான்று என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

இனி நான் எழுதப்போவதில்லை. மற்ற மூவரைப்போல எனக்கும் கட்டைவிரல் இருக்கிறது.

இ. மேகலா


வேலூர்
9-4-2025

அன்புள்ள மேகலா,

பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. மார்ச் இறுதியோடு என் ஒப்பந்தம் நன்றியுடன் நிறைவு செய்யப்பட்டது. ஆகவே இப்போது நான் உங்கள் பயிற்சியாளன் அல்ல. சத்துவாச்சாரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஒருவன்.

அந்த வரியை நீக்கும்படி ஜியாவுல்லா அவர்களிடம் நேரில் சென்று கேட்டேன். அறிக்கை ஜெர்மனியில் உள்ள பையருக்குப் போய்விட்டது என்றார். அங்கே பாராட்டியிருக்கிறார்களாம். வங்கியில் இருந்தபோது தவறான பதிவை எதிர்ப் பதிவு போட்டுச் சரிசெய்வோம். பாராட்டுக்கு எதிர்ப் பதிவு இல்லை.

நேற்று நீங்கள் விடுப்பு என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன், நேருக்கு நேர் நிற்கத் தைரியமில்லை. கம்பெனி வாசலில் நின்று சாமிநாதனிடம் கேட்டு மாதனூர் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஏழரை வரை உட்கார்ந்திருந்தேன். கொசுக்கடி அறிக்கைகளில் வருவதில்லை என்பதை உணர்ந்தேன். சவுரியம்மாள் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"நீங்கதான ஏலகிரில எங்கள கண்ண மூடிக்கினு மலை உச்சிய நெனைக்கச் சொன்னீங்க?" என்றார்.

"ஆமாம்மா."

"நாங்க மலை உச்சிலதான உக்காந்துக்கினு இருந்தோம். கண்ணத் தொறந்தாலே தெரிஞ்சிருக்குமே."

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவரே ஒரு பொட்டலம் வேர்க்கடலை நீட்டினார். உங்களைப் பற்றிக் கேட்டேன். "நல்ல பொண்ணுதான். ஆனா ஆபீசு பக்கம் போனவங்க திரும்பி வந்து நாங்க பாத்ததில்ல" என்றார். நீங்கள் எதுவும் முன்பே அறிந்திருக்கவில்லை, எழுதியது நான் என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. கடலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு சாமிநாதன் என்னைத் திரும்ப ஆம்பூரில் விட வந்தார். காலி வண்டி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?" என்றேன். "கம்பெனி ஷெட்டுலதான் சார். டெய்லி காலியாத்தான் திரும்ப வர்றேன்."

"அப்படியானால் ஐந்தே முக்காலுக்கு ஒரு கூட்டத்தை விட்டுவிட்டு வந்து மீதிப் பேரை இன்னொரு டிரிப் ஏற்றிக்கொள்ளலாமே?"

"எடுக்கலாம் சார். யாராச்சும் டிரிப் ஷீட்டுல கையெழுத்து போட்டா எடுக்கலாம். யாரும் போட்டதில்ல."

இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. மன்னிப்பு என்ற சொல்லை முதல் கடிதத்திலேயே மூடும் பிரிவுக்காகச் செலவழித்துவிட்டேன். அதைவிடப் பெரிய சொல் கிடைத்தால் எழுதுகிறேன்.

கோதண்டராமன்


மாதனூர்
4-5-2025

மதிப்பிற்குரிய சாருக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. வீட்டில் சொன்னால் சாப்பிட மாட்டார்கள்.

ஏப்ரல் முழுக்க ஒருநாள்கூட ஆயிரத்து நானூறு ஆகவில்லை. தினமும் ஏழரை வரை பார்த்துவிட்டு வண்டியை விடுவார்கள். பெண்கள் போர்டைப் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டார்கள். நான் அதற்கு அடியிலேயே நடமாடுவதால் எனக்கு அது எப்போதும் தலைக்கு மேல் இருந்தது.

போன புதன்கிழமை, ஏப்ரல் முப்பது. மறுநாள் மே தினம், லீவு; அதனால் அன்று மட்டும் ஐந்தே முக்காலுக்கே வண்டி என்று சொல்லியிருந்தார்கள், பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜெர்மனிக்குத் தைத்த மேல்பாகத்தை மட்டும் அனுப்பும் ஆர்டர்; கன்டெய்னர் லாரி வாசலில் நின்றது. விடிவதற்குள் சென்னைத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். தவறினால் விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். அனுப்பினால் விமானக் கூலியிலேயே அந்த ஆர்டரின் லாபம் போய்விடும். ஐந்தே முக்காலுக்கு பூட்ஸில் தொண்ணூறு ஜோடி பாக்கி. ஜியாவுல்லா சார் தானே ஓடி வந்தார். மதியம் சாப்பிடவில்லை போல, உதடு காய்ந்திருந்தது. "மேகலா, வண்டிய நிறுத்தி வையுங்க. எல்லாரும் முடிச்சிட்டுப் போகட்டும்."

எனக்கு அவர்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் தொண்ணூறு ஜோடிக்கு இருபது பேர் போதும். மீதிப் பேர் எதற்கு வண்டியில் உட்கார்ந்து கொசுவை அடிக்க வேண்டும்?

பஸ்ஸில் ஏறி நடுவில் நின்றேன். "தொண்ணூறு ஜோடி பாக்கி. இருபது பேர் இருந்தா ஏழுக்குள்ள முடிஞ்சிரும். இஷ்டம் இருக்கறவங்க எறங்குங்க. மத்தவங்க இப்போவே கெளம்புங்க. இருக்கறவங்களுக்கு வண்டி திரும்ப வரும்" என்றேன்.

சவுரியம்மாள் அக்கா கேட்டது, "திரும்ப வரும்னு யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நீ யாரு?"

அது குத்தலாகக் கேட்கவில்லை சார். தெரிந்துகொள்ளக் கேட்டது. எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. இறங்கி செக்யூரிட்டி அறைக்குப் போனேன். டிரிப் ஷீட்டைக் கேட்டேன். இரண்டாவது டிரிப் என்று எழுதினேன். கீழே அனுமதித்தவர், மேனேஜர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் இ. மேகலா என்று கையெழுத்துப் போட்டேன். நின்றபடியே எழுதியதில் மே மட்டும் பெரிதாக விழுந்துவிட்டது. ஷீட்டை எடுத்துவந்து பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினேன்.

சவுரியம்மாள் அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தது. "கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்றது. பிறகு பையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு முதல் ஆளாக இறங்கியது. "எங்க வீட்டுத் தண்ணிய மருமவ புடிச்சிருவா. வாங்கடி" என்றது. இருபது பேர் கேட்டேன். அதற்கு மேலேயே இறங்கினார்கள். சிலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. வண்டி ஐந்தே முக்கால் தாண்டிப் பத்து நிமிடத்தில் முதல் டிரிப் கிளம்பியது.

ஏழுக்கு முன்பே முடித்தோம். லாரி போயிற்று. சாமிநாதன் அண்ணன் வாசலில் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஹெச்.ஆர். அழைத்தார். மேனேஜர் கட்டத்தில் கையெழுத்துப் போட எனக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார். இல்லை என்றேன். கம்பெனி வாகனத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக மெமோ வரும், விசாரணை நடக்கும், வேலையும் போகலாம் என்றார். ஜியாவுல்லா சார் அங்கேதான் இருந்தார். கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி போனது. வேலை போகுமா என்று தெரியாது. ஆனால் யார் நீ என்று கேட்டால் இனிமேல் திணற மாட்டேன்.

இப்படிக்கு,
இ. மேகலா


வேலூர்
8-5-2025

அன்புள்ள மேகலா,

மெமோ வந்தால் இரண்டாவது டிரிப் என் யோசனை என்று எழுதிவிடுங்கள். அழைத்தால் வந்து சாட்சி சொல்கிறேன். என் பெயரால் அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே ஒரு தவறான வரி இருக்கிறது. இன்னொன்று சேர்ந்தால் எனக்கு நஷ்டமில்லை.

அறிவுரை எதுவும் இல்லை. சாப்பிடாமல் இருக்க வேண்டாம் என்பதைத் தவிர.

கோதண்டராமன்


ஆம்பூர்
26-6-2025

மதிப்பிற்குரிய சாருக்கு,

தாமதத்துக்குக் காரணம் மெமோ. அது வந்தபிறகு எழுதலாம் என்றிருந்தேன். அது வர ஏழு வாரம் ஆகிவிட்டது.

வாகனத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக மேனேஜர் பதவியில் உள்ளவர் மேல்தான் குற்றம் சாட்ட முடியுமாம். கம்பெனி விதி அப்படி. லைன் பொறுப்பாளருக்கு வாகனமே கிடையாது என்பதால், அவர் அதைத் தவறாகப் பயன்படுத்த வழியில்லை என்று எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஹெச்.ஆர். சென்னை வக்கீலிடம் கேட்டார். கையெழுத்து மேனேஜர் கட்டத்தில் இருப்பதால் அன்றைய தேதியிலிருந்து என்னை மேனேஜர் பொறுப்பில் வைத்துவிட்டு, பிறகு மெமோ கொடுப்பதே முறை என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். போன திங்கட்கிழமை இரண்டு காகிதம் கொடுத்தார்கள். முதலாவது, ஏப்ரல் முப்பது முதல் நான் கிளோசிங் செக்‌ஷன் மேனேஜர், விசாரணை முடியும்வரை. இரண்டாவது, மேனேஜராகிய நான் செய்த குற்றம். இரண்டிலும் ஜியாவுல்லா சார் கையெழுத்து.

விசாரணை முடியும்வரை எதையும் மாற்றக்கூடாது என்றும் வக்கீல் சொன்னாராம். இரண்டாவது டிரிப் வழக்குக்குச் சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே அது தினமும் ஓடுகிறது. ஐந்தே முக்காலுக்கு ஒன்று, பிறகு தேவைப்பட்டால் இன்னொன்று. யார் இருப்பது, யார் போவது என்று பெண்களே முறை வைத்திருக்கிறார்கள். அதில் நான் தலையிடுவதில்லை. நாளுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது வருகிறது. ஆயிரத்து நானூறு பற்றி ஜியாவுல்லா சார் ஜெர்மனிக்கு என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. எங்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

விசாரணை அதிகாரி ஜியாவுல்லா சார்தான். நேற்று அவர் அறைக்குப் போய், "சார், விசாரணை எப்போ?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். "இன்னா அவசரம்?"

"தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் நிக்கும்."

"விசாரணை முடிச்சா நான் தீர்ப்பு சொல்லணும். தீர்ப்பு சொன்னா வண்டிய நிறுத்தணும், இல்லாட்டி அப்பாவோட உத்தரவு தப்புன்னு எழுத்துல போடணும். அவர் தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிச்சிட்டு வந்து இங்கதான் டீ குடிக்கறார்." பேனாவை மூடி வைத்தார். "தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கலாம். ஆர்டர் ஜாஸ்தி இருக்கு."

வெளியே வரும்போது ஹெச்.ஆர். என்னைத் தனியாக நிறுத்தி ஓர் எச்சரிக்கை கொடுத்தார். "ஜாக்கிரதையா இருங்க மேடம். குற்றமில்லன்னு தீர்ப்பாச்சுன்னா உங்க போஸ்ட் போய்டும்."

சவுரியம்மாள் அக்காவிடம் சொன்னேன். அது முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ அடிக்கடி எதனா தப்பு பண்ணிக்கினு இரு" என்றது.

சாமிநாதன் அண்ணன் ஹாரன் அடிக்கிறார். மேனேஜருக்கு ஆபீஸ் கார் உண்டு. வழக்கு முடியாதவரை வாகனத்தைத் தொடக்கூடாது என்று அதை மட்டும் தரவில்லை. இன்றைக்கு என் முறை முதல் டிரிப். போகிறேன் சார், தண்ணீர் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
இ. மேகலா
மேனேஜர் (விசாரணையில்)